நாக்கு வெளியில் இருக்கட்டும்

என் அக்காவை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனசு மாறி, அழுது, கட்டிப்பிடித்துக்கொள்வோம் என்று எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம். எனக்கு இப்போதும் அவள் மேல் கோபம்தான். என் மேல் அதைவிட அதிகம்.

பொம்மனஹள்ளியில் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் நானும் என் மனைவியும் இருந்தோம். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து என்னைப் பெங்களூருக்கு வரச்சொல்லி, பொம்மசந்திராவில் தான் சூப்பர்வைசராக இருந்த கம்பெனியிலேயே சேர்த்துவிட்டவர் அக்கா புருஷன். அவரை மாமா என்று கூப்பிடுவேன். கம்பெனியில் பேக்லைட் சுவிட்சும் பல்பு ஹோல்டரும் செய்வார்கள். நான் பிரஸ்ஸில் நின்றேன். சூடான அச்சில் தூளைக் கொட்டி, அழுத்தி, வெந்ததும் எடுக்க வேண்டும். முழங்கை வரைக்கும் சூடுபட்ட தழும்பு இல்லாத ஆள் அந்த செக்‌ஷனில் கிடையாது.

தொண்ணூற்று நாலில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டாம் நாளே ஷிப்ட் முழுவதற்கும் மைசூர்பாகு கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, குழந்தையின் உள்ளங்கையை விரித்து, குறுக்கே ஓடுகிற ஒற்றைக் கோட்டைக் காட்டினார். கண்ணைக் காட்டினார். கழுத்து துவண்டு விழுவதைக் காட்டினார். டவுன் சிண்ட்ரோம் என்றார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, அந்தச் சின்ன நெஞ்சில் வைத்துக் கேட்கச் சொன்னார். லப் டப் என்று கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் சீறுவது போல் ஒரு சத்தம். இதயத்தில் ஓட்டை என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமா பேப்பரை மடிக்காமலே கேட்டார். “டவுனா? எந்த டவுனு? பிரேசர் டவுனா, ரிச்மண்ட் டவுனா?”

அக்கா சிரிப்பை அடக்கத் தெரியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நானும் லேசாகச் சிரித்தேன். வேலை வாங்கிக்கொடுத்தவர் ஜோக் அடித்தால் சிரிக்க வேண்டும் என்று எனக்கு அப்போது ஒரு பழக்கம். என் மனைவி சிரிக்கவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு பின்னால் எங்கள் அறைக்குப் போய்விட்டாள்.

குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இல்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊற்ற வேண்டும். இரண்டு வாய் குடிக்கும், நிறுத்தும், மூச்சு வாங்கும். நெற்றியில் பொடிப்பொடியாக வேர்வை. நமக்கு மூன்று மாடி ஏறுவது எப்படியோ, அதற்குப் பால் குடிப்பது அப்படி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு பாலாடை இறங்க முக்கால் மணி நேரம். முடித்து நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்துவிடும். நடுவில் சொட்டு மருந்து, சிரப், தண்ணீர் சேராமல் இருக்க இன்னொரு மருந்து. அழுதால் உதடு நீலமாகும், அதனால் அழவிடக்கூடாது. அழாமல் ஒரு குழந்தையை வளர்த்துப் பாருங்கள், தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் எல்லோருக்கும் புது மருத்துவ அட்டை போட்டார்கள். தொழிலாளர்களுக்கு என்று இருந்த ஆஸ்பத்திரியில் அந்த அட்டையைக் காட்டினால் குடும்பத்துக்கே வைத்தியம். பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் அவர்களே வேறு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். அட்டையில் குடும்பத்தோடு எடுத்த படம் ஒட்ட வேண்டும். இன்னொரு பிரதி, ஆட்களின் விவரம் வைத்திருக்கும் கம்பெனி பர்சனல் ஆபீசுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து எங்கள் அறை வாசலில் நின்றாள். என் மனைவி துணி துவைக்கப் போயிருந்தாள்.

“தம்பி, அந்தப் படம் நேரா யார் கைக்குப் போவுது தெரியுமா?”

“பர்சனல் ஆபீசுக்கு.”

“பர்சனல் ஆபீசுல யாரு கீறாரு?”

எனக்குத் தெரியும். பர்சனல் ஆபீசில் இருந்த பெரியவரின் மகனுக்குத்தான் அக்காவின் சின்ன மகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பையனுக்கு ஓசூரில் வேலை. நிச்சயத்துக்குப் பூ வைக்கிற அளவுக்கு வந்திருந்தது.

“அவுரு பாத்தா இன்னா நெனப்பாரு? இந்த வூட்டு ரத்தத்துலயே கோளாறுன்னு நெனக்க மாட்டாரு? நாளைக்கு என் பொண்ணுக்கும் இப்டித்தான் பொறக்கும்னு சொல்ல மாட்டாங்க?”

“அப்போ கொழந்த இல்லாம எடுக்கறேன்.”

“ஷிப்ட்டு பூரா மைசூர்பாகு குடுத்துட்டு வந்தியே, அறிவு கெட்டவனே. கொழந்த எங்கடான்னு கேக்க மாட்டாங்க?”

எல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவளுடைய பெரிய மகள் பிரசவத்துக்கு வந்து அங்கேயே இருந்தாள். அவளுக்கும் பெண் குழந்தை. எங்களுடையதைவிட ஒரு மாதம் மூத்தது. கொழுகொழுவென்று இருக்கும்.

“பெரியவளோடத மடியில வெச்சினு எடுத்துடு. கல்யாணம் முடிஞ்சதும் வேற படம் குடுத்து மாத்திக்கலாம். கைக்கொழந்த எல்லாம் ஒரே மாதிரிதாண்டா கீது. எவன் உத்துப் பாக்கப் போறான்?”

நான் தலையாட்டினேன்.

யாரும் எனக்குக் கத்தி காட்டவில்லை. வீட்டைவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அக்கா சொன்னாள், நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

மனைவியிடம் நான் சொல்லவில்லை. ஸ்டூடியோவுக்கு எல்லோருமாகப் போனோம். பொம்மனஹள்ளி மெயின் ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்தது அந்தக் கடை. பின்னால் நீலத் திரை, அதில் ஒரு ஏரியும் இரண்டு அன்னமும் வரைந்திருக்கும். என் மனைவி கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, குழந்தைக்குக் கன்னத்தில் மை வைத்து, புதுச் சட்டை போட்டு எடுத்து வந்தாள். அந்தச் சட்டை பெரிதாக இருந்தது. தோளில் ஊக்கு குத்திச் சின்னதாக்கியிருந்தாள்.

உட்கார்ந்தோம். போட்டோக்காரர் விளக்கைப் போட்டார். வெளிச்சத்துக்குக் குழந்தை சிணுங்கியது. “குடு, நான் சமாதானம் பண்றேன், நீ புடவயச் சரி பண்ணிக்கோ” என்று அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் நகர, பெரிய மகள் வந்து தன் குழந்தையை என் மடியில் வைத்தாள். என் மனைவி புடவையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். என் மடியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் கேமராவைப் பார்த்தேன்.

“ரெடி” என்றார் போட்டோக்காரர்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மடியில் யாரோ பெற்ற குழந்தை. பக்கத்தில் என் மனைவி கேமராவைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிப் படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறாள். எதை என்று எனக்குத் தெரியும். அங்கே அக்கா கையில் எங்கள் குழந்தை இருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் சண்டை போடவில்லை. குழந்தையின் சட்டையைக் கழற்றி, ஊக்கை எடுத்துத் தன் வளையலில் மாட்டிக்கொண்டாள். “சொல்லியிருந்தா நான் புடவயாவது மாத்தாம வந்திருப்பேன்” என்றாள். பத்து நாளைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

படம் பர்சனல் ஆபீசுக்குப் போனது. பெரியவர் தன் கையாலேயே ஒட்டினார். “கொழந்த நல்லா ஆரோக்கியமா கீதே” என்று மாமாவிடம் சொன்னாராம். மாமா அதை வீட்டில் வந்து நான்கு தடவை சொன்னார். பூ வைத்தார்கள். தேதி குறித்தார்கள். பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள்.

ஐந்தாம் மாதம் குழந்தைக்குச் சளி பிடித்து நெஞ்சு கட்டியது. பிறந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு வாரம் ஆக்சிஜனில் வைத்திருந்தார்கள். அதிலிருந்து எழுந்ததும் இதய டாக்டர் ஒருவர் நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொன்னார். “ரெண்டு மாசத்துக்குள்ள ஓட்டைய அடைக்கணும். அதுக்கு மேல போனா நுரையீரல் ரத்தக் குழாய் கெட்டியாயிடும். அப்புறம் நீங்களே வந்து கேட்டாலும் ஆபரேஷன் பண்ண முடியாது. யாராலும் முடியாது.” அவர் தமிழ் பேசுகிறவர். அதனால் எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

செலவில்லாமல் செய்யத் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கி வரச் சொன்னார். அட்டையை எடுத்துக்கொண்டு போனோம்.

கவுண்டரில் கன்னடக்கார அம்மா ஒருவர். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தார். அட்டையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“ஈ பாப்பு பேரே, போட்டோ பாப்பு பேரே” என்றார். இந்தக் குழந்தை வேறு, படத்தில் இருப்பது வேறு.

“இல்ல மேடம், கொழந்த வளர்ந்துடுச்சு, அதான்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். “வளர்ந்தா குண்டா ஆகும்ப்பா. உன் கொழந்த வளர்ந்து ஒல்லி ஆயிடுச்சா? மூக்கு மாறிடுச்சா?” வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேறு யாருடைய குழந்தையையோ என் அட்டையில் கொண்டுவந்து வைத்தியம் பார்க்கிறேன் என்று அவர் நினைத்தார். அப்படிச் செய்கிறவர்களும் இருந்தார்கள். “யார் வீட்டுக் கொழந்த இது? நிஜம் சொல்லு.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள். “இதுதான் மேடம் எங்க கொழந்த. போட்டோல இருக்கறதுதான் எங்களுது இல்ல.”

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “சொந்தக் கொழந்தய உட்டுட்டு வேற கொழந்தய வெச்சு போட்டோ எடுத்தீங்களா? ஏன்?”

என் மனைவி என்னைக் கை காட்டினாள். “அவரக் கேளுங்க.”

வரிசையில் இருபது பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பேக்லைட் அச்சில் கை வைத்தபோதுகூட எனக்கு அப்படிச் சுட்டதில்லை. நான் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா அதை எடுத்து டிராயரில் போட்டுக்கொண்டார். விதிப்படி அது சரிதான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. புதுப் படம் வேண்டும், பிறந்த சர்டிபிகேட் வேண்டும், பழைய படத்தில் இருப்பது யார், ஏன் அப்படிச் செய்தேன் என்று என் கையால் எழுதிய கடிதம் வேண்டும், எல்லாவற்றிலும் கம்பெனி பர்சனல் ஆபீஸ் கையெழுத்தும் சீலும் வேண்டும் என்றார். “சீக்கிரம் எடுத்துனு வா. வந்த அன்னிக்கே லெட்டர் போட்டுத் தரேன்” என்று குழந்தையின் காலைத் தொட்டார். கால் சில்லென்று இருந்திருக்கும். எப்போதும் அப்படித்தான்.

பர்சனல் ஆபீஸ் கையெழுத்து என்றால் சம்பந்தியாகப் போகிறவரின் கையெழுத்து. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்.

சாயங்காலம் அக்கா வீட்டுக் கூடத்தில் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன், கவுண்டரில் நடந்ததையும் சொன்னேன்.

“அஞ்சு வாரந்தாண்டா” என்றாள் அக்கா. “தாலி ஏறட்டும். மறுநாளே போய்க் குடு. டாக்டருங்க ரெண்டு மாசம்னா அது நாலு மாசம்.”

“நெஞ்சுல ஓட்டக்கா.”

“பொறந்ததுலேர்ந்தே ஓட்டயோடதான கீது? இத்தினி நாள் இருந்தது இன்னும் கொஞ்ச நாள் இருக்காதா?”

மாமா தொண்டையைச் செருமினார். “நான் ஒண்ணு சொல்றேன். நாளைக்கு நம்ம பாப்பாவ எடுத்துனு போ. போட்டோவுக்கும் பாப்பாவுக்கும் சரியா இருக்கும். நேத்து நான் பதட்டத்துல வேற கொழந்தய எடுத்துனு வந்துட்டேன்னு சொல்லு. லெட்டர வாங்கிக்க. அப்புறம் ஆபரேஷனுக்கு உன்னுத எடுத்துனு போ. பெரிய ஆஸ்பத்திரில எவன் போட்டோ பாக்கறான்?”

அவர் அதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நல்ல யோசனை என்று நினைத்துச் சொன்னார். அக்கா உடனே “ஆமாண்டா, பாரு, மாமா எப்டி யோசிக்கிறாரு” என்றாள்.

சுவரோரம் நின்றுகொண்டிருந்த என் மனைவி முதல்தடவையாக அந்தக் கூடத்தில் குரல் எழுப்பினாள். “அப்டியே ஆபரேஷனயும் அந்தக் கொழந்தைக்கே பண்ணிடலாமே, அண்ணி. எல்லாம் ஒரே மாதிரிதான கீது.”

பெரிய மகள் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதன் நெஞ்சைக் கையால் மறைத்தாள். அதைப் பார்த்தேன். தன் குழந்தையின் நெஞ்சு என்றதும் மறைக்கத் தோன்றுகிறது. என் மடியில் வைக்கும்போது தோன்றவில்லை.

“நான் நாளைக்கே புதுப் படம் எடுக்கறேன்” என்றேன்.

“எடு. எடுத்துட்டு இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத” என்றாள் அக்கா.

“சரி” என்றேன். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. கெஞ்சுவேன் என்று நினைத்தாள். பத்து வருஷமாக நான் கெஞ்சித்தான் அவளுக்குப் பழக்கம்.

மறுநாள் காலையில் அதே ஸ்டூடியோ. அதே ஏரி, அதே அன்னம். போட்டோக்காரர் குழந்தையைப் பார்த்ததும், “போன வாட்டி வேற பாப்பா இல்ல சார்?” என்றார். “அது வாடகைப் பாப்பா” என்றேன். அவர் விளக்கைப் போட்டார்.

இந்தத் தடவை என் மனைவி புடவை மாற்றவில்லை. வீட்டில் கட்டியிருந்த சாயம் போன வாயில் புடவையோடு உட்கார்ந்தாள். குழந்தையை என் மடியில் நிமிர்த்திவைத்து, கழுத்துக்குப் பின்னால் கையைக் கொடுத்துக்கொண்டேன். போட்டோக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“இன்னாங்க?”

“நாக்கு வெளியில இருக்கு சார். உள்ள போவட்டும், எடுத்துடறேன்.”

அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வாய் சின்னது, நாக்குத் துருத்தித் தெரியும். அக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம் விரலால் உள்ளே தள்ளுவாள். விருந்தாளி வந்தால் வாயை மூடித் துண்டு போடுவாள்.

“நாக்கு வெளியில இருக்கட்டும்” என்றேன். “அப்டியே எடு.”

எடுத்தார். அந்தப் படத்தில் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. குழந்தை மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டு, விளக்கைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்கிறது. என் மனைவி நேராகப் பார்க்கிறாள். யாரையோ அடிக்கப் போகிற மாதிரி.

அவசரமாகக் கழுவித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போனோம். பர்சனல் ஆபீஸ் கேன்டீனை ஒட்டிய கண்ணாடி அறை. டீ நேரம். நான் தனியாகப் போய் மெதுவாகப் பேசியிருக்கலாம். கடிதத்தை உறையில் போட்டுக் கொடுத்திருக்கலாம். எனக்கு அப்படிச் செய்ய விருப்பமில்லை. கேன்டீன் முழுக்க ஆள் இருக்கிற நேரம் பார்த்துத்தான் போனேன். மாமாவும் கிளாசோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

பெரியவரின் மேஜை மேல் ரிஜிஸ்டர் ஒன்று விரித்திருந்தது. அதன் மேலேயே குழந்தையைப் படுக்கவைத்தேன்.

“இது யாரு?” என்றார்.

“என் பொண்ணு சார்.”

பைலை எடுத்துப் படத்தைப் பார்த்தார். “அப்போ இது?”

“எங்க அக்காவோட பேத்தி சார். உங்க சம்பந்தி வூட்டுப் பேத்தி.”

அவர் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது அவருடைய பேனாவைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. பேனாவை அவர் பிடுங்கவில்லை. இன்னொரு பேனா எடுத்தார். என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு ஸ்டீல் ஸ்கேலின் முனையால் பைலில் இருந்த பழைய படத்தைச் சுரண்டி எடுத்தார். நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருந்தார் போலிருக்கிறது, மூலையில் கொஞ்சம் கிழிந்தது. அதை என்னிடம் நீட்டினார். புதுப் படத்தை ஒட்டினார். மூன்று இடத்தில் கையெழுத்து, மூன்று சீல்.

“இந்தக் கொழந்தையால எனக்கு ஒண்ணும் இல்லப்பா. என் தங்கச்சி வூட்லயே ஒண்ணு இருந்தது, இப்டி” என்றார். “ஆனா பொய்ப் படத்த என் கையாலயே ஒட்ட வெச்சாங்க பாரு. நாளைக்கு என் மருமக வரும்போது எதக் காட்டி எத அனுப்புவாங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்?”

கண்ணாடிக்கு வெளியே மாமா கிளாசைப் பிடித்தபடி நின்றார். டீ ஆடை கட்டிவிட்டது.

அந்த வாரமே கல்யாணம் நின்றது.

சின்ன மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதியது யோக்கியமாக இருக்காது. அவளுக்கு அப்போது இருபது வயது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. தாய்மாமன் நான். அவள் கல்யாணத்துக்குச் சீர் எடுத்துக்கொண்டு போக வேண்டிய கை, கல்யாணத்தை நிறுத்தியது. அது மட்டும்தான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஆபரேஷன் முடிந்து குழந்தையை வார்டுக்குக் கொண்டுவந்த அன்று, யாருக்கும் சொல்லாமல் பிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். நான் எழுந்து நின்றேன். “உக்காரு மாமா” என்றாள். “ஆயிரந்தடவ அழுதுட்டேன். இப்போ பாப்பாவக் காட்டு.” இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு வேறு இடத்தில் நல்லபடியாக முடிந்தது. பத்திரிகை எனக்கு வரவில்லை. அவள்தான் போன் பண்ணினாள்.

ஆமாம், ஆபரேஷன் நடந்தது. கவுண்டர் அம்மா சொன்னபடி அன்றைக்கே கடிதம் போட்டுக் கொடுத்தார். டாக்டர் சொன்ன கெடுவுக்கு இரண்டு வாரம் மீதி இருந்தபோது ஓட்டையை அடைத்தார்கள். கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு அட்டையை மாற்றி, பிறகு வரிசையில் நின்றிருந்தால் கெடு தாண்டியிருக்கும். டாக்டரிடம் அதைக் கேட்டேன். “தாண்டியிருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்” என்றார். ஆகவே இதில் நான் மிகைப்படுத்திச் சொல்வது ஒன்றும் இல்லை. மைசூர்பாகு மாதிரி ஒரு குழந்தையைப் படத்தில் வைத்து என் குழந்தையைக் கொல்லப் பார்த்தார்கள். நானும் கூட உட்கார்ந்து சிரித்தேன்.

குழந்தை கழுத்திலிருந்து வயிறு வரை தையலோடு வீட்டுக்கு வந்தது. வீடு என்றால் ஓசூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஷீட் போட்ட ஒரு அறை. முதல்தடவையாக வேர்க்காமல் ஒரு பாலாடை முழுசாகக் குடித்தது. என் மனைவி காலிப் பாலாடையைக் கவிழ்த்து எனக்குக் காட்டினாள்.

மாமா கம்பெனியில் என்னை இருக்கிறதிலேயே சூடான பிரஸ்ஸில் தூக்கிப் போட்டார். வருஷக்கணக்கில் அதிலேயே நிறுத்தினார். நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் “மாமா, எந்த டவுனுக்குப் போறீங்க?” என்று சத்தமாகக் கேட்டேன். செக்‌ஷனே சிரிக்கும். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

அது போதவில்லை எனக்கு. குழந்தைக்குத் தையல் ஆறியதும் ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்த நாக்குப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஷோகேசில் ரோட்டைப் பார்க்க வைக்க வேண்டும் என்றேன்.

“சார், ஷோகேஸ்ல கல்யாணப் பொண்ணு, மொதல் பொறந்த நாளு, இந்த மாதிரிதான் வெப்போம். சிரிக்கற மூஞ்சியா இருக்கணும்” என்றார் போட்டோக்காரர்.

“அந்தப் பொய்ப் படத்த எடுத்தது யாரு?”

தலையைச் சொறிந்தார். “நான்தான்.”

“அப்போ இதயும் வை.”

“ஒரு மாசம் வெக்கறேன். அதுக்கு மேல கேக்காதீங்க.”

அவர் நல்ல மனுஷன். ஒரு மாசம் என்றவர் எடுக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த கல்யாணப் பெண்கள் எல்லாம் மாறினார்கள், நாங்கள் மாறவில்லை.

எதிரே பஸ் ஸ்டாப். அக்கா மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் அங்கேதான் பஸ் ஏற வேண்டும். மூன்றாம் நாள் பார்த்துவிட்டாள். தெரிந்தவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். “அது உங்க தம்பி இல்ல? அது யாரு கொழந்த? சொல்லவே இல்லியே.” அந்த நாளிலிருந்து அவள் அந்த ஸ்டாப்பில் நிற்பதை விட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பு வரை நடந்தாள். வெயிலில், முட்டி வலியோடு, பையைத் தூக்கிக்கொண்டு. நான் டீக்கடையில் நின்று அதைப் பார்ப்பேன். சந்தோஷமாக இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. என் மகள் மூச்சு வாங்கிய அளவுக்கு அவள் மூச்சு வாங்கவில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் படம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தது. பிறகு ரோட்டை அகலப்படுத்துகிறோம், மேலே பாலம் கட்டுகிறோம் என்று அந்த வரிசைக் கடைகளை எல்லாம் இடித்தார்கள். இடிப்பதற்கு முந்தின நாள் போட்டோக்காரர் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அதை எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் மாட்டினேன். வெயில் பட்டு எங்கள் துணியின் நிறமெல்லாம் போய்விட்டது. நாக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது. என் மகள் அதைப் பார்த்து, “நான்” என்று தன் நெஞ்சில் தட்டிக்காட்டினாள். அவளுக்குச் சொல் கொஞ்சம்தான் வரும், அந்தச் சொல் நன்றாக வரும்.

மாமா போன பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். சாவுக்கு நான் போயிருந்தேன், அதை வைத்துக்கொண்டு வருகிறாள். என் மனைவி காப்பி கொடுப்பாள். என் மகள் அத்தை அத்தை என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டாம். அது அவளுடைய குணம், என்னுடையது இல்லை.

போன மாசம் வந்தபோது அக்கா கேட்டாள். “தம்பி, அந்தப் படத்தத்தான் கழட்டிடேண்டா. பாப்பா இப்போ எவ்ளோ அழகா கீறா. வேற நல்ல படமா எடுத்து மாட்டு. நானும் கூட உக்காந்துக்கறேன்.”

“முட்டி எப்டி இருக்குக்கா?” என்று கேட்டேன்.

அவள் காப்பியைக் குடித்தாள்.

எங்கள் வீட்டு முன்னறையில் வருகிறவர்களுக்கு என்று ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. அது படத்துக்கு நேர் எதிரே கிடக்கிறது. இரண்டாவது நாற்காலி வாங்கலாம் என்று என் மனைவி பலமுறை சொல்லிவிட்டாள். நான் வாங்கவில்லை.